இருபத்து மூன்றாவது வரி

எங்கள் அலுவலகத்தில் அவருக்குத் தராசு என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பதிவேட்டில் இருந்திருக்கும். அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அரசுத் தேர்வு அலுவலகத்தில் மதிப்பெண் கூட்டுபவர். விடைத்தாள் திருத்துவது வேறு ஆட்கள். அவர்கள் ஒவ்வொரு கேள்விக்கும் ஓரத்தில் போட்டு அனுப்புகிற எண்களைக் கூட்டி, முதல் பக்கத்துக் கட்டத்தில் மொத்தத்தை எழுதிக் கையெழுத்துப் போடுவது மட்டும்தான் இவர் வேலை. இருபத்தாறு வருடம் அதையே செய்தார். மேலிருந்து கீழே ஒரு தடவை, கீழிருந்து மேலே ஒரு தடவை. இரண்டும் ஒத்துவந்தால்தான் பேனா மூடியைத் திறப்பார்.

நான் அவருக்கு அடுத்த மேசை. தட்டச்சர். வேகமாக அடிப்பேன் என்பதற்காக யாரும் என்னை வேலைக்கு எடுத்துவிடவில்லை. என் மாமனார் ஒரு ராணுவ அதிகாரிக்குக் கார் ஓட்டினார், அவ்வளவுதான் என் தகுதி. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. அந்தக் கட்டடத்தில் யாரைத் தொட்டாலும் பின்னால் ஒரு மாமன் இருப்பான். தராசு அண்ணன் மட்டும் தலைவர் வருவதற்கு முன்பே வேலைக்கு வந்தவர், யாரும் கைதூக்கி விடாமல் வந்தவர். அந்தப் பெருமை அவருக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

தலைவர் வந்தது இருபது வருடத்துக்கு முன்பு, பீரங்கி வண்டிகளோடு. வந்த அன்றே வானொலியில் பேசினார். இதுவரை சொந்தமும் சிபாரிசும் ஆண்டது, இனிமேல் தகுதிக்கு மட்டுமே இடம் என்றார். மறுவாரமே அந்த வாசகம் எல்லாச் சுவரிலும் ஏறிவிட்டது. எங்கள் கழிப்பறைக் கதவில்கூட ஒட்டியிருந்தார்கள். இதற்குள் போக என்ன தகுதி வேண்டும் என்று நாங்கள் பேசிச் சிரிப்போம், கதவை நன்றாகச் சாத்திக்கொண்டு.

வருடத்துக்கு ஒருமுறை கட்டுமானத் துறைக்குப் பொறியாளர் தேர்வு நடக்கும். பன்னிரண்டாயிரம் பேர் எழுதுவார்கள், ஐம்பது இடம். ஒட்டிய உறைக்குள் மேலேயிருந்து ஒரு சீட்டு வரும், அதில் நாற்பத்தொன்பது பெயர் இருக்கும். விடைத்தாள் கட்டைப் பிரிப்பதற்கு முன்பே வந்துவிடும். நான்தான் அதைப் பார்த்துத் தேர்ச்சிப் பட்டியலை அடிப்பேன். முதல் வரி எப்போதும் அமைச்சர் வீட்டுப் பிள்ளைக்கு. இருபத்து மூன்றாவது வரியை மட்டும் காலியாக விட்டுவைப்பேன்.

அந்த வரி தராசு அண்ணனுடையது. தேர்வு அதிகாரி அதை அவரிடம் ஒப்படைத்த நாள் எனக்கு ஞாபகம் இருக்கிறது. "ஒண்ணாவது நிஜமா இருக்கணும்ல? பத்திரிகைக்காரன் வந்து கேட்டா யாரைக் காட்டறது?" என்றார். "நல்லாப் படிச்ச பிள்ளையா பாரு. பின்னாடி ஆளே இருக்கக் கூடாது. அதுதான் முக்கியம்."

பதினேழு வருடம் அவர் அந்த ஒரு வரியை நிரப்பினார். எவ்வளவு அக்கறையோடு என்கிறீர்கள்! மற்றவர்கள் கூட்டிய தாள்களிலும் மேலே உள்ள இருநூறு பேருடையதை வாங்கி, திரும்பவும் தானே கூட்டுவார். நாட்டிலேயே முதலாவதாக வந்த பிள்ளைக்கு இருபத்து மூன்றாவது இடம். அதுவும் கிடைத்ததே என்று அவருக்கு நிம்மதி. ஒரு தகப்பன் பழக்கூடையை மேசையில் வைத்துவிட்டுப் போனபோது, பின்னாலேயே ஓடிப்போய் வாசலில் வைத்து அவன் கையில் திணித்துவிட்டு வந்தார். "நாப்பத்தொம்பது அவங்களுதும்மா. ஒண்ணு என்னுது. அதுல மட்டும் யாரும் கை வைக்க முடியாது," என்பார் என்னிடம்.

மடியில் கனமில்லை என்றால் வழியில் பயமில்லை என்பார்கள். எங்கள் நாட்டில் அதைத் திருப்பிப் போட்டுப் படிக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. ஏனென்றால் தேர்ச்சிப் பட்டியலோடு பணியிட உத்தரவுகளையும் அடித்தவள் நான். ஐந்தாவது வருடமே கவனித்துவிட்டேன். நாற்பத்தொன்பது பேர் ஊருக்கு ஒருவராகப் பிரிந்து போவார்கள். இருபத்து மூன்றாவது ஆள் மட்டும் தவறாமல் தலைமையகத்து ஒப்புதல் பிரிவுக்குப் போவான். கட்டி முடித்த கட்டடம், பாலம், தொட்டி எதுவானாலும் 'உறுதியாக இருக்கிறது' என்று கடைசிக் கையெழுத்துப் போடுகிற நாற்காலி அது. சிமெண்டைத் தின்றவன் ஒருவன், கம்பியைத் தின்றவன் ஒருவன். விழுந்தால் உள்ளே போவது கடைசிக் கையெழுத்து. அந்த நாற்காலியில் மாமன் மச்சான் உள்ளவனை உட்கார வைத்தால் அவனைத் தொட முடியாது. அதற்காகத்தான் நன்றாகப் படித்த, ஆளில்லாத ஒரு பிள்ளை வருடா வருடம் தேவைப்பட்டது.

நான் ஏன் அவரிடம் சொல்லவில்லை? பயம் ஒரு காரணம். அது மட்டும்தான் என்று சொன்னால் பொய். அவருடைய சுத்தத்தைப் பார்த்தால் எனக்கு எரியும். தினமும் பக்கத்து மேசையில் ஒரு யோக்கியர் உட்கார்ந்து பேனா மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தால் உங்களுக்கும் எரியும். இந்த யோக்கியர்தான் ஆடு பிடித்துக் கொடுக்கிறார் என்று நினைத்துக்கொள்வேன். அதில் எனக்கு ஒரு அற்ப சுகம் இருந்தது.

ஒரு காலை வேளையில் சந்தைக்குப் பக்கத்திலிருந்த தண்ணீர்த் தொட்டி சரிந்து பதினான்கு பேர் செத்தார்கள். கையெழுத்துப் போட்டிருந்த பொறியாளரைப் பிடித்தார்கள். ஆறு வருடத்துக்கு முந்தைய இருபத்து மூன்றாவது வரி, ஒரு கொத்தனாரின் மகன். மறுவாரம் அவனுடைய அம்மா எங்கள் அலுவலகத்துக்கு வந்தாள்.

"ஐயா, என் பையன் காசு கொடுத்து வேலைக்கு வந்தான்னு கோர்ட்டுல சொல்றாங்கய்யா. தகுதியில்லாதவன் கட்டினதாலதான் விழுந்துச்சாம். அவன் பரிச்சை எழுதின தாளைக் கொடுங்கய்யா, வக்கீல் கேக்கறாரு."

மூன்று வருடம் ஆன விடைத்தாள்கள் காகித ஆலைக்குப் போய்விடும். அந்தக் கட்டுகளை லாரியில் ஏற்றிவிட்டுக் கையெழுத்துப் போட்டவர் தராசு அண்ணன்தான். அவர் எழுந்து நின்றார். "நானூத்து முப்பத்தேழும்மா. எனக்கு ஞாபகம் இருக்கு. நான் வந்து சொல்றேன்," என்று அவளிடம் சொல்லிவிட்டு நேராக அதிகாரி அறைக்குப் போனார். கதவு திறந்துதான் இருந்தது, எல்லாம் எங்களுக்குக் கேட்டது.

"சாட்சி சொல்லப் போறியா?" என்று அதிகாரி சிரித்தார். "அவன் ஒருத்தன் நிஜமா பாஸானவன்னு சொன்னா, மத்த நாப்பத்தொம்பது பேரைப் பத்தி வக்கீல் கேப்பானே, அதுக்கும் பதில் சொல்லுவியா? போய்யா, போய் வேலையைப் பாரு." தராசு அண்ணன் வாசல்வரை வந்ததும் திரும்பக் கூப்பிட்டு, "இந்த வருசம் உன் பொண்ணும் எழுதியிருக்காமே? நல்லா எழுதியிருந்தா அவளையே போட்டுக்க," என்றார்.

"நான் இங்க வேலை பாக்கறேனே சார். பின்னாடி ஆள் இருக்கக் கூடாதுன்னு..."

"உன்னை ஆளுன்னு யாருய்யா கணக்குல எடுப்பா?"

திரும்பி வந்து உட்கார்ந்தவர் முகத்தைப் பார்த்தேன். சொல்லவே கூடாது, அவர் சந்தோஷப்பட்டிருந்தார். கொத்தனார் மகனுக்காக வருத்தம் ஒரு பக்கம், தன் மகளுக்கு வழி திறந்த மகிழ்ச்சி ஒரு பக்கம். மனைவி போய் ஒன்பது வருடம். மகள் ஒருத்திதான் அவருக்கு உலகம். பள்ளிக்கூடத்துக் கணக்கைக்கூட மேலிருந்து ஒரு தடவை, கீழிருந்து ஒரு தடவை கூட்ட வைத்து வளர்த்தவர்.

எனக்கு அன்றைக்கு என்ன வந்ததோ. அந்தப் பெண் என்னை அத்தை என்று கூப்பிடுவாள், அதனால் இருக்கலாம். அலமாரியிலிருந்து பணியிட உத்தரவுகளின் கார்பன் நகல்களை எடுத்து, பதினேழு தாளையும் அவர் மேசையில் வைத்தேன். "அண்ணே, உங்க வரிக்காரங்க எல்லாம் எங்க போனாங்கன்னு பாருங்க."

படித்தார். எல்லாத் தாளிலும் ஒரே பிரிவு. நான் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். ஐந்து பேர் சிறையில். ஒருத்தன் விஷம் குடித்தான். இரண்டு பேர் எல்லை தாண்டி ஓடிவிட்டார்கள். மற்றவர்கள் கையெழுத்துப் போட்ட கட்டடங்கள் இன்னும் விழவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

"உனக்கு எப்பத்திலிருந்து தெரியும்?"

"ரொம்ப நாளா."

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

பத்து நாள் கழித்து மகளுடைய தாள்கள் வந்தன. நானூற்று முப்பத்தொன்று. மூன்று தடவை கூட்டினார், ஒரு தடவையாவது குறையாதா என்று. தாளில் குறை கண்டுபிடிக்க முடியாத மாதிரி அவளை வளர்த்தது அவர்தானே. அடுத்தபடியாக இருந்தவன் ஒரு தையல்காரரின் மகன், முந்நூற்றுத் தொண்ணூற்றெட்டு. தராசு அண்ணன் வெகுநேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். பிறகு கூட்டலில் பத்துகளின் வரிசைக்குக் கொண்டுபோக வேண்டிய நான்கை விட்டுவிட்டு, முந்நூற்றுத் தொண்ணூற்றொன்று என்று எழுதினார். இருபத்தாறு வருடத்தில் அவர் எழுதிய முதல் பொய். அதுவும் சொந்தப் பிள்ளையின் மதிப்பெண்ணில், குறைத்து.

"தையல்காரர் பையனும் ஒருத்தர் பெத்த பிள்ளைதானே அண்ணே," என்றேன். வேண்டுமென்றேதான் கேட்டேன்.

"தெரியும்மா. நீ அடி," என்றார்.

அடித்தேன். அந்த வருடப் பட்டியலில் முப்பத்தொன்றாவது வரி என் அண்ணன் மகன். அதையும் சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் கேட்க வேண்டாம்.

அடுத்து நடந்தது அந்த வீட்டில் மட்டும்தான் நடக்கும். எங்கள் நாட்டில் மறுகூட்டலுக்கு யாரும் விண்ணப்பிப்பதில்லை. தலைவர் அதற்கென்று ஒரு திட்டமே வைத்திருந்தார், சுவரொட்டி ஒட்டியிருந்தார்கள். ஆனால் அதை நம்பி மனுப் போடுகிறவனை ஊரே பைத்தியம் என்று சொல்லும். தோற்றால் தோற்றதுதான், ஆள் இல்லை போலிருக்கிறது என்று தலையில் அடித்துக்கொண்டு போவார்கள். இந்தப் பெண் அப்படி வளரவில்லையே. கூட்டல் என்றால் அது சரியாக இருக்கும், தப்பென்றால் கேட்டால் திருத்துவார்கள் என்று நம்புகிற ஒரே பிள்ளை நாட்டில் இவள்தான். அப்பாவிடம் கேட்டிருக்கிறாள். "கேள்வி கஷ்டமா இருந்திருக்கும், விடும்மா," என்றிருக்கிறார். அவள் விடவில்லை. அவரிடம் சொல்லாமலே மனு அனுப்பிவிட்டாள்.

அந்த மனு என் மேசைக்குத்தான் வந்தது. கிழித்துப் போட்டிருக்கலாம். அவரிடம் காட்டியிருக்கலாம். மறுகூட்டலில் தோண்ட ஆரம்பித்தால் முப்பத்தொன்றாவது வரிவரை போய்விடுமோ என்று எனக்குக் கலக்கம். மனுவை மறைத்து மாட்டிக்கொண்டாலும் அதே வம்பு. பதிவேட்டில் எண் போட்டு மேலே அனுப்பிவிட்டேன்.

தொட்டி விழுந்ததில் தலைவருக்குக் கெட்ட பெயர் வந்திருந்த சமயம். அவர்களுக்கு இது கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி. புகைப்படக்காரர்களை வரவழைத்து, எங்கள் அறையிலேயே நடுவில் மேசை போட்டு, ஒரே ஒரு பெண்ணின் தாளை ஊரறியக் கூட்டினார்கள். நாற்பது மதிப்பெண் குறைவு. கீழே தராசு அண்ணனின் கையெழுத்து. மறுநாள் எல்லாப் பத்திரிகையிலும் ஒரே தலைப்பு: காசுக்காக மகளையே விற்ற எழுத்தர். காசு கொடுத்தவர் என்று தையல்காரரை நான்கு அறை அறைந்து விட்டுவிட்டார்கள். அவருடைய மகன் இன்றுவரை தன் இடத்தைப் பறித்துக்கொண்டாள் என்று அந்தப் பெண்ணைச் சபித்துக்கொண்டு, கடையில் உட்கார்ந்து நிம்மதியாகச் சட்டை தைக்கிறான்.

ஏன் குறைத்தாய் என்று நீதிபதி கேட்டார். உண்மையைச் சொன்னால் நாற்காலியைப் பற்றிச் சொல்ல வேண்டும், சொன்னால் மகளையும் சேர்த்துத் தூக்குவார்கள் என்று வக்கீல் எச்சரித்திருந்தார். தராசு அண்ணன் கூண்டில் நின்றுகொண்டு, "கூட்டறப்ப தப்பு வந்துடுச்சு ஐயா," என்றார். நீதிமன்றத்தில் இருந்த எங்கள் அலுவலகத்துக்காரர்கள் சிரித்துவிட்டார்கள். ஏழு வருடம்.

மகளுக்குத் தலைவரே தன் கையால் உத்தரவைக் கொடுத்தார். கோபத்தில் கொதித்துக்கொண்டிருந்த பெண். வானொலிக்காரன் ஒலிவாங்கியை நீட்டியதும், "தகுதி இருந்தா, பெத்த அப்பாவே தடுத்தாலும் நிக்காது," என்று சொல்லிவிட்டாள். அதை ஒரு வாரம் போட்டார்கள். சிறையில் காலையும் மாலையும் ஒலிபெருக்கி வைப்பார்கள், அங்கேயும் போட்டிருப்பார்கள். அவளுடைய பணியிட உத்தரவை நான்தான் அடித்தேன். எந்தப் பிரிவு என்று சொல்லவும் வேண்டுமா?

ஆறு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் என் வீட்டுக்கு வந்தாள். இளைத்துப் போயிருந்தாள். அவளுக்கு முன் அந்த நாற்காலியில் இருந்தவர்களின் கையெழுத்துகளைப் பதிவேட்டில் பார்த்திருக்கிறாள். அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்றும் விசாரித்திருக்கிறாள்.

"அத்தை, அப்பா இதுக்காகத்தான் குறைச்சாரா?"

"ஆமா."

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

"நான் மனு கொடுத்த அன்னிக்கு?"

"அன்னிக்கும் தெரியும்."

கொடுத்த தண்ணீரைத் தொடாமல் எழுந்து போனாள். நான் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். யாருக்கு என்ன பிரயோஜனம்.

அதற்குப் பிறகு நடந்தது என் அண்ணன் மகன் மூலம் தெரிந்தது. அவனும் தலைமையகத்துக்கு மாற்றல் வாங்கிவிட்டான், கோப்புகளைத் தயார் செய்து அவளுடைய மேசையில் வைக்கிற வேலை. வீட்டுக்கு வந்தால் புலம்புவான். "அந்த மேடம் பெரிய தலைவலி அத்தை. ஒரு ஃபைலை நாலு தடவை திருப்பி அனுப்பிட்டாங்க. நேர்ல போய்க் கம்பி எத்தனைன்னு எண்ணிட்டு வந்து நிக்கறாங்க. கையெழுத்துப் போட மாட்டாங்களாம், வேலையை விட்டு எடுத்தாலும் பரவாயில்லையாம்."

எனக்கு உள்ளுக்குள் பெருமையாக இருந்தது. கொடுத்து வைத்தவர் தராசு அண்ணன் என்றுகூட நினைத்தேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம் நான், "இப்ப என்ன செய்வாங்க?" என்று கேட்டேன்.

"அதான் முடிஞ்சுதே. நேத்து போட்டுட்டாங்க," என்றான். "பெரிய இஞ்சினியர் கூப்பிட்டுப் பேசினாரு. அப்பா ஜெயில்ல ரத்த வாந்தி எடுக்கறாரு, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகக் கூடாதுன்னு உத்தரவு, நீ போட்டா அவரை வெளியவே விட்டுடறோம்னு. அஞ்சு நிமிசம்கூட ஆகல அத்தை."

என்ன கட்டடம் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் தெரிந்துவிடும்.

விடுதலை நாளன்று அவள் எனக்கு ஆள் அனுப்பினாள். அப்பாவுக்குத் தன் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் போனால் கூட்டிக்கொண்டு போக ஒருத்தர் வேண்டும், வேறு யாரும் இல்லை என்று சொல்லி அனுப்பியிருந்தாள். போனேன். அலுவலக ஜீப்பில் வந்து சிறை வாசலில் நின்றோம். பத்தரை மணிக்குச் சின்னக் கதவைத் திறந்து அவரை வெளியே விட்டார்கள். சட்டை இரண்டு ஆள் போடும் அளவுக்குத் தொளதொளத்தது. மகளைப் பார்த்ததும் நின்றுவிட்டார். கட்டிப்பிடிப்பார் என்று பார்த்தேன், இல்லையென்றால் திட்டுவார் என்று பார்த்தேன். இரண்டும் இல்லை.

"எதுல கையெழுத்துப் போட்ட?" என்றார்.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "பள்ளிக்கூடம்பா."

"எத்தனை மாடி?"

"மூணு."

"கம்பி?"

"பாதிதான் இருக்கு."

"எத்தனை பிள்ளைங்க?"

"அறுநூத்துப் பன்னண்டு. திங்கக்கிழமை திறக்கறாங்கப்பா. உங்களை முதல்ல ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன், வாங்க," என்று அவர் கையைப் பிடித்தாள்.

அவர் கையை உருவிக்கொண்டு திரும்பி நடந்தார். வந்த கதவையே போய்த் தட்டினார். காவலாளி சின்ன ஜன்னலைத் திறந்து பார்த்தான்.

"என்னை உள்ள விடுங்க," என்றார் தராசு அண்ணன். "என் பொண்ணு ஒரு கையெழுத்தைத் திருப்பி வாங்கணும். நான் உள்ள இருந்தா கொடுத்துடுவாங்க."

காவலாளி கையிலிருந்த தாளைப் புரட்டினான். நல்ல மாதிரிதான் பேசினான். "பெரியவரே, உங்க பேர்ல கோடு போட்டாச்சு. உள்ள வர்றதுக்கும் மேல இருந்து ஆர்டர் வேணும்," என்று சொல்லி ஜன்னலைச் சாத்தினான். அவர் தட்டிக்கொண்டே இருந்தார்.